அன்னாசி போட்ட ஜெல்லி உறையவே இல்லை, எங்கே தப்பு?

சமையல்கட்டுச் சோதனை · ஞாயிறு, இரவு 9.40

தங்கை மகளுக்கு இன்று பிறந்தநாள். ஜெல்லி வேண்டும் என்று ஒரே அடம். கடையில் ஜெலட்டின் பாக்கெட் வாங்கி, வெந்நீரில் கரைத்து, சர்க்கரை போட்டு இரண்டு கிண்ணத்தில் ஊற்றினேன். ஒன்றில் மாதுளை முத்து, இன்னொன்றில் பொடியாக நறுக்கிய அன்னாசி. நேற்று இரவு பத்து மணிக்கு ஃபிரிட்ஜில் வைத்தது. காலையில் மாதுளைக் கிண்ணத்தைக் கவிழ்த்தால் அப்படியே கிண்ண வடிவில் வந்து நின்றது, தட்டினால் ஆடியது. அன்னாசிக் கிண்ணம் வெறும் சர்பத். ஓரத்தில்கூட உறையவில்லை. மதியம் வரை வைத்துப் பார்த்தும் அப்படியே இருந்தது. கடைசியில் டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டேன். குழந்தை முகம் வாடிப்போனது.

இத்தனைக்கும் போன ரம்ஜானுக்குப் பக்கத்து வீட்டு அக்கா அன்னாசி போட்ட கடல்பாசி கொடுத்தார். கத்தியால் துண்டு போடும் அளவுக்கு உறைந்திருந்தது. பழம் ஒன்றுதான், அங்கே உறைகிறது, இங்கே உறையவில்லை. ஜெலட்டின் பழசு என்றும் சொல்ல முடியாது, ஒரே பாக்கெட்டைத்தான் இரண்டுக்கும் போட்டேன்.

நோன்புக்கஞ்சி · ஞாயிறு, இரவு 10.05

கடல்பாசி நான் வருஷம் தவறாமல் செய்கிறேன். இளநீர், ரோஸ்மில்க், அன்னாசி எது போட்டாலும் உறைந்துவிடும். ஜெலட்டின் எங்கள் வீட்டில் வாங்குவதில்லை, எந்த மாட்டின் எந்த எலும்போ, யாருக்குத் தெரியும். அன்னாசியின் புளிப்புதான் உங்கள் ஜெல்லியைக் கெடுத்திருக்கும் என்பது என் ஊகம். அமிலம் எதையும் உறையவிடாது.

பெஞ்ச் எண் 4 · ஞாயிறு, இரவு 11.20

கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். நாளை முதல் வகுப்பு இருக்கிறது, இருந்தாலும் இதைப் பார்த்துவிட்டுத் தூங்க முடியாது.

புளிப்பு காரணம் இல்லை. சந்தேகம் இருந்தால் அடுத்த முறை கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு ஜெல்லி செய்து பாருங்கள், உறையும். வித்தியாசம் உறைய வைக்கும் பொருளில் இருக்கிறது. கடல்பாசி (சிலர் சைனா கிராஸ் என்பார்கள்) கடலில் வளரும் பாசியிலிருந்து எடுப்பது, சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலி. ஜெலட்டின் புரதம், அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. பச்சை அன்னாசியில் புரோமெலைன் என்று ஒரு நொதி (என்சைம்) இருக்கிறது. அதன் ஒரே வேலை, புரதச் சங்கிலியைக் கண்ட இடத்தில் வெட்டுவது. சர்க்கரைச் சங்கிலியை அது தொடாது. அதனால் கடல்பாசி தப்பித்தது, உங்கள் ஜெலட்டின் துண்டு துண்டாகிவிட்டது.

ஜெல்லி உறைவது என்றால் நீளமான சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னி வலை போட்டு, தண்ணீரை நடுவில் சிறைப்பிடிப்பது. சங்கிலி பொடியாகிவிட்டால் வலை பின்ன எது மிச்சம்?

சமையல்கட்டுச் சோதனை · திங்கள், காலை 6.15

சார், அது புரதத்தை வெட்டும் என்றால் அன்னாசி சாப்பிடும்போது என் நாக்கை ஏன் வெட்டவில்லை? நாக்கும் கறிதானே?

பெஞ்ச் எண் 4 · திங்கள், காலை 6.40

வெட்டுகிறது! நாலு துண்டு சேர்த்துத் தின்றால் நாக்கு எரிகிறதே, அதில் அதற்கும் பங்கு உண்டு. புளிப்பும் சேர்ந்துகொள்ளும். ஆனால் நாக்கின் மேல்தோல் தினமும் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது, விழுங்கியதும் வயிற்று அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் புரோமெலைனையே ஒரு கை பார்த்துவிடும். அதுவும் புரதம்தானே.

வடமராட்சி · திங்கள், காலை 8.10

நாங்கள் பள்ளிக்கூடத்தில் நொதியம் என்றுதான் படித்தோம், அங்கே நொதி என்கிறீர்கள். எதுவானாலும் அம்மாவுக்கு இது பாடம் படிக்காமலே தெரியும். ஆட்டிறைச்சி முற்றினதாக இருந்தால் பச்சைப் பப்பாசிக்காயைத் தோலோடு ஒரு துண்டு அரைத்துப் பிரட்டி வைப்பா. அரை மணித்தியாலத்துக்கு மேல் வைக்க விடமாட்டா. நான் ஒருக்கால் கெட்டித்தனம் காட்டி முதல் நாள் இரவே பிரட்டி வைத்தேன். அடுத்த நாள் சட்டியில் போட்டால் வெளிப்பக்கம் கூழ், உள்ளே பழையபடி விறைப்பு. இதுவும் அதே கதைதானா?

பெஞ்ச் எண் 4 · திங்கள், மதியம் 1.15

அதேதான். பப்பாளிக்காயில் இருப்பது பப்பேன். அன்னாசியின் புரோமெலைனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே குடும்பம். அத்திப்பாலிலும் கிவிப் பழத்திலும் இதே குடும்பத்து நொதிகள் உண்டு. இஞ்சியிலும் ஒன்று இருக்கிறது. கறிக்கு இஞ்சி அரைத்துத் தடவுவது வாசத்துக்கு மட்டும் இல்லை.

வெளியே கூழ், உள்ளே விறைப்பு ஏன் என்றால், நொதி பெரிய மூலக்கூறு. கறிக்குள் சில மில்லிமீட்டருக்கு மேல் ஊறிப் போகாது. ராத்திரி முழுக்க வைத்தால் தொட்ட இடத்தையே திரும்பத் திரும்பக் கொத்திக்கொண்டிருக்கும். அதோடு பப்பேன் கொஞ்சம் சூடு தாங்கும். அடுப்பில் வைத்து 60, 65 டிகிரி ஏறும்போதுதான் சுறுசுறுப்பாக வெட்டும், கொதி நெருங்கும்போதுதான் ஓய்கிறது. உங்கள் அம்மா சொன்ன அரை மணிக் கணக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

பப்பேன் விஷயத்தில் எனக்கு எப்போதும் வியப்பு தருவது ஒன்று இருக்கிறது. அது 212 அமினோ அமிலங்கள் கோத்த ஒரே சங்கிலி. 212 மணி கோத்த மாலை என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டும் வேலையைச் செய்வது முக்கியமாக இரண்டு மணிகள்: 25ஆவது இடத்தில் உள்ள சிஸ்டீன், 159ஆவது இடத்தில் உள்ள ஹிஸ்டிடின். மாலையை நீட்டிப் பிடித்தால் இரண்டுக்கும் நடுவே 133 மணி. ஆனால் மாலை தனக்கே உரிய விதத்தில் மடிந்து சுருண்டதும் இரண்டு உருண்டைகளும் நடுவே ஒரு பள்ளமும் ஆகிறது. அந்தப் பள்ளத்தில் 25ம் 159ம் எதிரெதிரே வந்து உட்கார்ந்துவிடுகின்றன. வெட்டுப்படப் போகும் புரதம் பள்ளத்துக்குள் வந்ததும் ஹிஸ்டிடின், சிஸ்டீனின் ஹைட்ரஜனை வாங்கிக்கொள்கிறது. சிஸ்டீனின் கந்தகம் பிணைப்பில் பாய்கிறது. ஒரு துண்டு உடனே கழன்று போகிறது, இன்னொரு துண்டு கந்தகத்தில் ஒட்டியபடி நிற்கிறது, பிறகு ஒரு தண்ணீர் மூலக்கூறு வந்து அதையும் கழற்றிவிடுகிறது. நொதி பழையபடி காலி, அடுத்த ஆளுக்குத் தயார். இதே பிணைப்பு சாதாரணத் தண்ணீரில் தானாக அறுபட வேண்டுமென்றால் பல நூறு வருஷம் ஆகும்.

மற்ற 210 மணிகள் சும்மா இருக்கின்றன என்று நினைக்க வேண்டாம். இந்த இரண்டையும் சரியான இடத்தில், சரியான கோணத்தில் பிடித்துவைக்கத்தான் அத்தனையும். கொதிக்க வைத்தால் மணி ஒன்றும் உதிராது, கோத்த வரிசையும் மாறாது. மடிப்பு மட்டும் கலையும். 25 ஒரு பக்கம், 159 ஒரு பக்கம். வேலை முடிந்தது. டின்னில் அடைத்த அன்னாசியில் ஜெல்லி உறையும், பச்சைப் பழத்தில் உறையாது என்பதன் முழுக் காரணமும் இவ்வளவுதான். டின்னில் அடைக்கும்போது சூடு காட்டுவார்கள்.

அரியர் மன்னன் · திங்கள், மாலை 5.50

சார், எங்களுக்கு நொதியைப் பூட்டு, சாவி என்று நடத்தினார்கள். நீங்கள் மாலை, மணி என்கிறீர்கள். தேர்வில் எதை எழுதுவது?

பெஞ்ச் எண் 4 · திங்கள், இரவு 8.30

தேர்வில் பூட்டு சாவி எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1894இல் சொன்ன உவமை அது: நொதி பூட்டு, அதில் கச்சிதமாகப் பொருந்தும் மூலக்கூறு சாவி. ஆனால் பூட்டு விறைப்பானது. 1958இல் உயிர்வேதியியலாளர் கோஷ்லண்ட் சொன்னது வேறு: வரும் ஆளைப் பார்த்து நொதி கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது. எனக்கு இதற்கு வளையல்காரம்மாதான் நினைவுக்கு வருவார். வளையல் கையில் சும்மா நுழையாது. அவர் கட்டைவிரலை உள்பக்கம் மடக்கி, கையை அமுக்கிக் குறுக்கி ஏற்றுவார். அவர் பிடியும் கைக்குத் தகுந்தபடி மாறும், கையும் பிடிக்குத் தகுந்தபடி ஒடுங்கும். நொதி செய்வது அதைத்தான். வந்த மூலக்கூறை உடையும் நிலைக்கு வளைத்துப் பிடிக்கிறது.

நொதி என்பது புரதம்தான் என்பதே ஒரு காலத்தில் பெரிய சண்டை. 1926இல் ஜேம்ஸ் சம்னர் ஒரு வகை அவரைக்கொட்டையிலிருந்து யூரியேஸ் நொதியைப் பளிங்காகப் பிரித்தெடுத்து, இது புரதம் என்றார். நோபல் வாங்கிய வில்ஸ்டேட்டர் போன்ற பெரிய தலைகள் ஒத்துக்கொள்ளவில்லை. புரதம் வெறும் சுமைதாங்கி, உண்மையான நொதி அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் வேறு ஏதோ ஒன்று என்பது அவர்கள் கட்சி. சம்னருக்கு நோபல் வர 1946 ஆகிவிட்டது. பதினேழு வயதில் வேட்டைக்குப் போன இடத்தில் இடது கையை இழந்தவர் அவர். அவர் இடது கைப் பழக்கக்காரர் வேறு. ஒற்றைக் கையால் சோதனைக்கூடத்தில் வேலை செய்து நிரூபித்த விஷயம் இது.

பாயாப்பிரியன் · திங்கள், இரவு 9.15

ஒரு பாமரக் கேள்வி. ஆட்டுக்கால் பாயா மிச்சமானதை ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் கரண்டி நிற்கும் அளவுக்குக் கட்டியாகிறது. அடுப்பில் வைத்தால் திரும்பவும் தண்ணீர். இந்த ஜெலட்டின் அதுதானா? பாயாவில் யாரும் பாக்கெட் கொட்டவில்லையே?

பெஞ்ச் எண் 4 · திங்கள், இரவு 10.00

அதுவேதான், நீங்களே வீட்டில் தயாரித்திருக்கிறீர்கள். எலும்பு, தோல், தசைநார் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து வைப்பது கொலாஜன் என்ற புரதம். நம் உடம்பில் உள்ள மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுதான். கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொலாஜனும் அப்படித்தான், மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிய முப்புரி. ஒவ்வொரு புரியிலும் ஆயிரம் அமினோ அமிலத்துக்கு மேல். அதில் ஒரு கண்டிப்பான விதி: ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற அமினோ அமிலம். காரணம் இடநெருக்கடி. மூன்று புரியும் சேரும் நடுப்பகுதியில் ஒரு ஹைட்ரஜன் அணுவுக்குத்தான் இடம் இருக்கிறது, பக்கக் கிளையாக வெறும் ஹைட்ரஜனை வைத்திருப்பது கிளைசின் மட்டும். அந்த இடத்தில் கிளைசினுக்குப் பதில் வேறு ஒன்று பிறவியிலேயே மாறி உட்கார்ந்துவிட்டால், தொட்டாலே எலும்பு முறியும் நோய் வரலாம். ஆயிரத்தில் ஒரு மணி மாறியதற்கு அந்த விலை.

நீங்கள் ஆட்டுக்காலை மணிக்கணக்கில் கொதிக்கவிடும்போது இந்த முறுக்கு அவிழ்கிறது. அவிழ்ந்த புரிக்குப் பெயர் ஜெலட்டின். ஆறும்போது அவை பழையபடி முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். முழுதாக முடியாது. அங்கங்கே அரைகுறையாகப் பின்னிக்கொண்டு வலையாகும். அதுதான் உங்கள் கட்டிப் பாயா.

வாலாஜா ரோடு · செவ்வாய், காலை 7.20

கொலாஜன் என்ற பெயரைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். டேனரியில் (தோல் பதனிடும் ஆலை) இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன். எங்கள் தொழிலே இந்தக் கயிறுதான். ஆட்டுத் தோலோ மாட்டுத் தோலோ, உப்புப் போய், முடி போய், கொழுப்பு போய்க் கடைசியில் மிஞ்சுவது கொலாஜன் மட்டும்.

சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வந்த தோலை நேராகப் பதனிட மாட்டோம். நடுவில் பேட்டிங் என்று ஒரு வேலை உண்டு. டிரம்மில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் நொதிப் பொடி. நார்களுக்கு நடுவே பசை மாதிரி நிற்கும் மற்றப் புரதங்களை அது தின்றுவிடும், தோல் மெத்தென்று ஆகும். போதுமா என்று பார்க்க மீட்டர் ஒன்றும் கிடையாது. தோலை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுப்போம். ரேகை அப்படியே பதிந்து நின்றால் சரி, மேலே எழும்பி வந்துவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம். அந்தக் காலத்தில் இதற்கு நாய்க் கழிவும் புறாக் கழிவும் போட்டார்களாம். ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவர் அதற்குப் பதில் கணையத்து நொதியைக் கொண்டுவந்தார். 1907இல் அவர் கூட்டாளியோடு சேர்ந்து கம்பெனி தொடங்கியதே அதை விற்கத்தான்.

என் கேள்வி இதுதான். அந்தப் பொடி புரதத்தைத் தின்னுகிறது, தோலும் புரதம். பிறகு தோல் ஏன் கரையவில்லை? சாருடைய அன்னாசி மட்டும் ஜெலட்டினைக் கரைத்துவிட்டதே?

பெஞ்ச் எண் 4 · செவ்வாய், மதியம் 1.30

அண்ணே, வகுப்பில் யாரும் இப்படிக் கேட்பதில்லை. பதில் முறுக்கில் இருக்கிறது. முப்புரியாக இறுகி நிற்கும் கொலாஜனில் வெட்ட வேண்டிய பிணைப்பு நொதியின் பள்ளத்துக்குள் நுழையவே முடியாது. டிரிப்சின் போன்ற சாதாரண நொதிகள் சுற்றிச் சுற்றி வந்து, தளர்வாக இருக்கும் மற்றப் புரதங்களைத்தான் தின்னும். முப்புரியை வெட்ட கொலாஜனேஸ் என்று தனியாக ஆள் இருக்கிறார். ஜெலட்டின் அப்படி இல்லை, முறுக்கு அவிழ்ந்த கயிறு. புரதம் வெட்டும் எந்த நொதியும் வந்து வெட்டலாம். நீங்கள் டிரம்மில் போட்டது கயிறு, ஜெல்லியில் போட்டது அவிழ்ந்த புரி.

வாலாஜா ரோடு · செவ்வாய், மாலை 6.45

இப்போது புரிகிறது. அப்படியென்றால் கொதி சோதனையும் இதே கணக்குதான். குரோம் (குரோமியம் உப்பு) ஏற்றிப் பதனிட்ட தோலில் ஒரு துண்டு வெட்டி, பென்சிலில் சுற்று வரைந்து, கொதிக்கும் தண்ணீரில் போடுவோம். மூன்று நிமிஷம் கழித்து எடுத்து வரைந்த அளவோடு ஒப்பிட வேண்டும். பச்சைத் தோல் 60, 65 டிகிரியிலேயே சுருண்டுவிடும். ஆவாரம்பட்டையில் பதனிட்டது 80 டிகிரி சுமாருக்குத் தாங்கும். குரோம் சரியாகப் பிடித்திருந்தால் கொதியே தாங்கும். ஒரு முறை நான் இருந்த இடத்தில் அவசர ஆர்டர் என்று நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். துண்டு தண்ணீரில் விழுந்ததும் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி சுருண்டது. டிரம் முழுக்கத் திருப்பி ஓட்டினோம். அன்றைக்குச் சாப்பாடு மாலை நாலு மணிக்கு.

கிண்டி பழைய மாணவன் · செவ்வாய், இரவு 9.00

கொலாஜன் பேச்சு இவ்வளவு தூரம் வந்துவிட்டது, இன்னும் ஜி. என். ராமச்சந்திரன் பெயர் வரவில்லையே. அந்த முப்புரி வடிவத்தைச் சொன்னதே சென்னையில்தான். 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வரும்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. எக்ஸ் கதிர்ப் படிகவியல் அறிஞர் பெர்னால் சென்னை வந்தபோது கொலாஜனின் வடிவம் இன்னும் தெரியவில்லை என்று பேச்சு வந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டார். பக்கத்திலேயே தோல் ஆராய்ச்சி நிறுவனம். எக்ஸ் கதிர்ப் படத்துக்கு நல்ல மாதிரியாக அமைந்தது கங்காருவின் வால் தசைநார்! 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு நேச்சர் இதழில் எழுதினார், அடுத்த வருஷமே திருத்தி இன்னும் சரியாக்கினார்.

டி.என்.ஏ. வடிவத்தைக் கண்டவர்களில் ஒருவரான கிரிக்கும், அவரோடு ரிச் என்பவரும் அதில் குறை சொன்னார்கள். அணுக்கள் இவ்வளவு நெருங்கி நிற்க முடியாது என்பது ஒரு வாதம். சரி, எவ்வளவு நெருங்கலாம் என்று ராமச்சந்திரன் குழு கணக்குப் போட உட்கார்ந்தது. அதிலிருந்து வந்ததுதான் 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு சேர்ந்து வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடம். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம், எதில் திரும்பினால் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று ஒரு சதுரத்துக்குள் காட்டிவிடும். இன்றைக்கும் யாராவது புதிதாக ஒரு புரத வடிவத்தைப் பதிவு செய்தால் அந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்காமல் விடமாட்டார்கள். நோபல் கிடைக்கவில்லை என்ற புலம்பலை நான் ஆரம்பிக்கப் போவதில்லை, அது தொடங்கினால் இந்த இழை முடியாது.

அரியர் மன்னன் · செவ்வாய், இரவு 9.20

நான் ஆரம்பிக்கிறேன். கொடுத்திருக்க வேண்டும்.

பளபள · புதன், காலை 10.10

எனக்கு ஒன்று சொல்லுங்கள். மாதம் ஆயிரக்கணக்கில் கொடுத்து கொலாஜன் பவுடர் குடிக்கிறேன். முகத்துக்குப் போய்ச் சேருமா?

பெஞ்ச் எண் 4 · புதன், மதியம் 1.20

குடித்தது கொலாஜனாக முகத்துக்குப் போகாது. உங்கள் வயிற்று நொதிகள் அதை அமினோ அமிலமாகவும் குட்டித் துண்டுகளாகவும் வெட்டித்தான் உள்ளே அனுப்பும். அதை வைத்து என்ன கட்டுவது என்று உடம்பு முடிவு செய்யும், டப்பாவில் ஒட்டியிருக்கும் படம் முடிவு செய்யாது. சுருக்கம் குறைந்தது என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு, அவற்றில் பலவற்றுக்குச் செலவு செய்தது விற்பவர்களே. நான் வாங்கமாட்டேன். அதோடு கொலாஜனில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் கிடையாது, முழுமையான புரதம் என்றும் அதைச் சொல்ல முடியாது.

அதைவிட நெல்லிக்காய் சாப்பிடுங்கள். கொலாஜனில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தில் பாதியளவுக்கு உடம்பு ஒரு ஆக்சிஜனைக் கூடுதலாகச் சேர்க்கிறது. அப்படிச் சேர்க்கும் நொதியில் இருக்கும் இரும்பு வேலை செய்யும் நிலையில் நிற்க வைட்டமின் சி வேண்டும். அந்த ஆக்சிஜன் சேராத முப்புரி 24 டிகிரி சுமாரிலேயே அவிழ்ந்துவிடும். நம் உடம்புச் சூடு 37. வைட்டமின் சி கிடைக்காத பழைய கப்பல்காரர்களுக்கு ஈறு வீங்கி, பல் ஆடி, ஆறின புண் திரும்பத் திறந்ததெல்லாம் இதனால்தான். 1747இல் கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துப் பார்த்தபோது கொலாஜனும் தெரியாது, வைட்டமினும் தெரியாது.

சமையல்கட்டுச் சோதனை · சனி, இரவு 8.50

சோதனை முடிந்தது. ஒரே ஜெலட்டின் கரைசல், ஐந்து எவர்சில்வர் டம்ளர். வெறும் ஜெலட்டின்: உறைந்தது. எலுமிச்சைச் சாறு: உறைந்தது, ஆட்டம் கொஞ்சம் தளர்வு. பச்சை அன்னாசி: சர்பத். ஃப்ரீசரில் வைத்துக் கட்டியாக்கி எடுத்த அன்னாசி: அதுவும் சர்பத். வேகவைத்த அன்னாசியில்தான் வேடிக்கை. டம்ளரின் மேல்பக்கம் நன்றாக உறைந்திருந்தது, ஆனால் ஒவ்வொரு பழத்துண்டையும் சுற்றி ஒரு குளம். பெரிய துண்டாகப் போட்டு ஒரு நிமிஷம்தான் கொதிக்கவைத்தேன், நடுப்பகுதி வேகவில்லை போல.

பெஞ்ச் எண் 4 · சனி, இரவு 9.05

அந்தக் குளத்தைப் படம் எடுத்தீர்களா? வகுப்பில் காட்ட வேண்டும். குளிர் நொதியைத் தூங்க வைக்கும், அவ்வளவுதான், மடிப்பைக் குலைக்காது. சூடு நடுவரை போகாத துண்டில் மிச்சமிருந்த புரோமெலைன் மெல்லக் கசிந்து சுற்றியிருந்ததை வெட்டியிருக்கிறது. பொடியாக நறுக்கி ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு மறுபடி செய்யுங்கள்.

பார்வதிபுரம் பாலம் · ஞாயிறு, காலை 7.30

நாகர்கோவில் பக்கம் எங்கள் வீட்டில் அன்னாசிப் பச்சடிக்குப் பழத்தைப் பொடியாக நறுக்கி, மஞ்சளும் உப்பும் போட்டு நன்றாக வேகவைத்து, ஆறின பிறகுதான் தயிரும் தேங்காய் அரைப்பும் சேர்ப்போம். கல்யாணம் ஆகி வந்த புதிதில் நான் சோம்பல்பட்டுப் பச்சையாகப் போட்டுவிட்டேன். காலையில் நன்றாகத்தான் இருந்தது. சாயங்காலம் எடுத்து வாயில் வைத்தால் வேப்பிலை மாதிரிக் கசப்பு. மாமியார் ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தைக் கொண்டுபோய்த் தென்னை மூட்டில் கொட்டிவிட்டு வந்தார். தயிரும் புரதம்தானே சார்?

பெஞ்ச் எண் 4 · ஞாயிறு, காலை 7.50

ஆமாம் அம்மா. பால் புரதமான கேசினை வெட்டினால் வரும் சில துண்டுகள் அப்படித்தான் கசக்கும்.